ஒத்தக்கால் சங்கம் – 11. ஊக்கு

போன வாரம் கதவை அறைந்து சாத்திவிட்டுப் போனாளே பாப்பா, அவளேதான் இன்று காலை ஆறரை மணிக்கு வந்து அதே கதவைத் தட்டினாள். கையில் ஒரு நீல ஃபைல். தலை வாரவில்லை. கண்ணுக்குக் கீழே கறுத்துக் கிடந்தது.

கதவைத் திறந்த தையலம்மாவுக்கு, "வா" என்று சொல்வதா, "இப்ப எதுக்கு வந்தே" என்று கேட்பதா என்று ஒரு நொடி குழப்பம். பெற்ற மனசு எந்தக் காலத்தில் கறாராக இருந்திருக்கிறது? "காப்பி குடிச்சியா?" என்றுதான் வாயில் வந்தது.

"அப்பா எங்கம்மா?"

"குளிக்கிறார். பதினோரு மணிக்குத்தான் விசாரணை. அஞ்சு மணிக்கே எழுந்து ஷூவுக்குப் பாலிஷ் போட்டாச்சு. ரெண்டுக்கும்."

நடந்ததைச் சுருக்கிச் சொன்னால் இவ்வளவுதான். தையலம்மாவின் வீட்டுக்காரரை ஊரில் எல்லோரும் கால்மேஸ்திரி என்பார்கள். செயற்கைக்கால் செய்து மாட்டும் நிலையத்தில் முப்பத்தெட்டு வருஷமாக வேலை. பத்தொன்பது வயதில் மரம் அறுக்கும் இடத்தில் இடது காலை முழங்காலுக்குக் கீழே பறிகொடுத்துவிட்டு, கால் வாங்கிக்கொள்ளப் போனவர், அங்கேயே வேலை கற்றுக்கொண்டு தங்கிவிட்டார்.

புதிதாகக் கால் இழந்து வருகிறவர்களை அவர் கூப்பிடும் முதல் வார்த்தை ஒன்று உண்டு. "வாப்பா ஒத்தக்கால், வந்து நில்லு" என்பார். சொல்லிவிட்டு ஸ்க்ரூ டிரைவரால் தன் இடது கணைக்காலைத் தட்டிக் காட்டுவார். டொக் டொக் என்று கேட்கும். அழுதுகொண்டு வந்தவன் வாயைப் பிளந்து பார்ப்பான், அப்புறம் சிரிப்பான். ஒத்தக்கால் சங்கத்தில் ஆள் சேர்வது இப்படித்தான்.

போன மாதம் கூரியர் கம்பெனியில் வேலை பார்த்த ஒரு பெண் வந்தாள். லாரி ஏறி வலது கால் போய் ஆறு மாதம். அவளையும் அப்படியே கூப்பிட்டார். கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். பத்து நாள் கழித்து மேஸ்திரியின் கையில் ஒரு கடிதம் வந்தது. உடற்குறையைச் சுட்டும் இழிசொல்லால் பயனாளியை அழைத்தார் என்று புகார். நிரூபணமானால் வேலை போகும். எல்லாம் நாற்பத்திரண்டு பக்கம் கொண்ட 'கண்ணியப் பேச்சுக் கையேடு' என்ற புத்தகத்தின்படி.

அந்தக் கையேட்டை எழுதிக் கொடுத்தது பாப்பா வேலை பார்க்கும் நிறுவனம். வரிக்கு வரி எழுதியது பாப்பாவேதான். இது போன வாரம் தெரிய வந்தபோது அப்பாவும் மகளும் பேசிக்கொண்ட பேச்சை மறுபடி கிளற வேண்டாம். கதவு அறைந்த சத்தம் தையலம்மாவின் காதில் இன்னும் இருக்கிறது.

"ஒரு வழி இருக்கும்மா" என்று பாப்பா ஃபைலைச் சாப்பாட்டு மேஜையில் விரித்தாள். "ராத்திரி பூரா உட்கார்ந்து படிச்சேன். விதி ஒம்பது. ஒரே நிலைமையில இருக்கிறவங்க தங்களுக்குள்ள உரிமையோட பேசிக்கிட்டா அது குத்தமில்லை. நான்தான் எழுதினேன். அப்பாவும் அவர் கூட்டாளிங்களும் பேசிக்கிறதை நெனைச்சுத்தான் எழுதினேன்."

தையலம்மாவுக்கு நெஞ்சில் இருந்த கல் சற்று நகர்ந்தது. "அப்புறம் என்ன? முடிஞ்சுதே."

"முடியலைம்மா. அப்பா தன் வாயால சொல்லணும். 'நான் ஒரு மாற்றுத்திறனாளி'ன்னு. அவங்க அதை எழுதிக்கணும். அப்பத்தான் விதி ஒம்பது அவருக்குப் பொருந்தும்."

நகர்ந்த கல் திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டது. இந்த மனுஷரைப் பற்றித் தையலம்மாவுக்குத் தெரியாதா? பஸ்ஸில் எழுந்து இடம் கொடுத்தால் இறங்கி நடந்தே வருகிறவர். சலுகை அட்டை வாங்கச் சொல்லி எத்தனையோ பேர் படித்துப் படித்துச் சொன்னார்கள். இதுவரை அந்த வரிசையில் போய் அவர் நின்றதில்லை.

கால்மேஸ்திரி குளித்துவிட்டுச் சுவரைப் பிடித்தபடி ஒற்றைக் காலால் தத்தி வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். மகளைப் பார்த்தார். மிச்சக் காலில் பவுடர் போட்டு, காலுறையை ஏற்றி, ஓரம் சுருங்காமல் நீவிவிட்டார். பிறகு மூலையில் சாய்த்து வைத்திருந்த காலை எடுத்து மடியில் போட்டுக்கொண்டார்.

பாப்பா விதி ஒன்பதை விளக்கினாள். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"சொல்ல மாட்டேன்."

"ஏம்ப்பா?"

"எனக்குத்தான் அப்படி ஒண்ணும் இல்லையே."

"காலைக் கையில வச்சுக்கிட்டே சொல்றீங்களேப்பா."

தையலம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு அடுப்புப் பக்கம் திரும்பினாள்.

"கால் இல்லைன்னு எழுதிக்கச் சொல்லு, கையெழுத்துப் போடறேன்" என்றார் மேஸ்திரி. "ஒத்தக்கால்னு நெத்தியில வேணாலும் ஒட்டிக்கறேன். அந்த இன்னொரு பேரு வேணாம் பாப்பா. அதைச் சொல்லிக் கூப்பிடறப்பல்லாம் எதிர்ல இருக்கிறவன் குரலே மாறிப்போகுது. கைக்குழந்தைகிட்டப் பேசற மாதிரிப் பேசறான். அதைக் கேட்டா எனக்கு உடம்பு கூசுது."

"அந்தப் பேரு வர்றதுக்கு முன்னாடி என்ன பேரு இருந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியுமா?" பாப்பாவின் குரல் உயரவில்லை. "எனக்குத் தெரியும். ஆறாம் கிளாஸ்லேர்ந்து பத்தாம் கிளாஸ் வரைக்கும் ஸ்கூல்ல என் பேரு 'நொண்டி மக'. அட்டெண்டன்ஸ் எடுக்கிறப்ப மட்டும்தான் என் சொந்தப் பேரு."

குக்கர் விசில் அடித்தது.

தையலம்மா அடுப்பை அணைத்தாள். பள்ளிக்கூட விழாவுக்கு அப்பா வரவே கூடாது என்று அந்த வயதில் இந்தப் பெண் அடம் பிடித்ததும், பெற்றவரைப் பார்த்து வெட்கப்படுகிறாளே என்று இவர்கள் இரண்டு பேரும் அறைக்குள் உட்கார்ந்து மருகியதும் ஞாபகத்துக்கு வந்தது. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். பதினைந்து வருஷமாகக் கேட்கவில்லை.

"நொண்டிங்கறது வேற. ஒத்தக்கால்ங்கறது வேற" என்று மேஸ்திரி முணுமுணுத்தார்.

"கேக்கிறவங்களுக்கு எப்படிப்பா தெரியும்?"

அவர் காலை மாட்டினார். எழுந்து நின்று இரண்டு தடவை எடையை மாற்றிப் பார்த்துக்கொண்டார். "அந்தப் பொண்ணு மனசு புண்பட்டுப் போச்சுன்னு கடுதாசியில போட்டிருக்கு. எங்கிட்டச் சொல்லியிருந்தா நான் நிறுத்தியிருப்பேனே. அவ்வளவு கெட்டவனா நான்?"

"உங்ககிட்ட நேரா சொல்ல பயப்படறவங்களுக்காகத்தான்பா புகார்ப் பெட்டியே."

இவர் சொல்வதும் நியாயம்தான். அவள் சொல்வதும் நியாயம்தான். யாராவது ஒருவர் அநியாயமாக ஒரு வார்த்தை பேசித் தொலைத்தால் இன்னொருவர் பக்கம் போய் நின்றுகொள்ளலாம். அதற்கும் வழியில்லாமல் தையலம்மா மூன்று காப்பியைக் கலந்து மேஜையில் வைத்தாள். ஒன்றுதான் காலியானது. அதுவும் அவளுடையது.

நிலையத்துக்கு மூன்று பேரும் பஸ்ஸில் போனார்கள். தையல் கடைக்கு அரைநாள் லீவு சொல்லியாகிவிட்டது. மேஸ்திரி ஜன்னல் பக்கம், பாப்பா முன் இருக்கையில்.

விசாரணை இரண்டாவது மாடியில். நீளமான தாழ்வாரம், ஒரு பக்கம் பெஞ்சுகள், எதிரே கண்ணாடிக் கதவு போட்ட அறை. தாழ்வாரத்தின் கோடியில்தான் மேஸ்திரியின் பட்டறை. பூட்டியிருந்தது. சாவி அவர் சட்டைப் பையில் இருந்தது.

நலன் அதிகாரி வெளியே வந்தார். பெரிய கண்ணாடி போட்ட நடுத்தர வயதுப் பெண்மணி. ஊழியர்கள் கண்ணாடி மேடம் என்பார்கள். கடுகடுப்பானவர் இல்லை. இதையும் சொல்லியாக வேண்டும், நல்ல மாதிரி.

"ஐயா மட்டும் உள்ளே வரலாம்" என்றார். பாப்பாவைப் பார்த்து, "விதி ஒம்பது பத்தி நீங்க அனுப்பினதைப் படிச்சேன். குழுவுக்கும் அதுல உடன்பாடுதான். அவர் இங்கே முதல்ல கால் வாங்கினப்போ போட்ட பழைய அட்டை இருந்தா கொண்டு வாங்க. கீழே பதிவறையில தேடிப் பாருங்க. அதோட முடிச்சுடலாம்" என்றார்.

பாப்பா படிகளில் இரண்டிரண்டாக இறங்கி ஓடினாள்.

தையலம்மா மேஸ்திரியின் சட்டைக் காலரைச் சரி செய்வது போல் கிட்டே போனாள். "என்னங்க. ஒரே ஒரு வார்த்தை. எனக்காகச் சொல்லிடுங்க."

"உனக்காக, உனக்காகன்னு என்னை எத்தனைதான் செய்ய வைப்பே?"

"இது ஒண்ணுதான். இனிமே எதுவும் கேக்க மாட்டேன்."

"பொய்" என்றார் அவர். அப்புறம் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார். கதவு தானாக மூடிக்கொண்டது. உள்ளே நான்கு நாற்காலி தெரிந்தது, ஆட்களின் முதுகு தெரிந்தது, பேச்சு கேட்கவில்லை.

தையலம்மா பெஞ்சில் உட்கார்ந்து கைப்பையை மடியில் வைத்துக்கொண்டாள். வேலை இல்லாத கை அவளுக்கு ஒத்துவராது. பையின் வாரை முறுக்கினாள், பிரித்தாள், மறுபடி முறுக்கினாள்.

சற்று நேரத்தில் லிஃப்டிலிருந்து ஒரு பெண் ஊன்றுகோல்களுடன் வந்தாள். இருபத்தைந்து வயது இருக்கும். வெள்ளைச் சட்டை, தொளதொள பேண்ட். பட்டறைக் கதவைப் பார்த்தாள், பூட்டைப் பார்த்தாள், திரும்பி வந்து பெஞ்சின் மறுகோடியில் உட்கார்ந்தாள். அவளுடைய வலது பேண்ட் காலை முழங்காலுக்குக் கீழே முடிச்சுப் போட்டிருந்தார்கள். முரட்டு முடிச்சு. எலுமிச்சம்பழம் அளவுக்கு இருந்தது.

தையலம்மா மூன்று தடவை வேறு பக்கம் பார்த்தாள். நான்காவது தடவை முடியவில்லை.

"அந்த முடிச்சு அழுத்தலையாம்மா?"

பெண் திடுக்கிட்டுத் திரும்பினாள். "அழுத்துது. சாயங்காலம் பார்த்தா சிவந்து போயிருக்கு. ஆனா தொங்க விட்டா ஊன்றுகோல்ல மாட்டுது."

"முடிச்சே போடக் கூடாது. உள்பக்கமா மடிச்சு ஓரத் தையல்ல ஊக்கு போடணும். எழுந்து நில்லு, ஒரு நிமிஷ வேலை."

"இங்கேயா?"

"இங்கே யாரு இருக்கா?"

சொல்லிக்கொண்டே தையலம்மா தரையில் முட்டி போட்டு உட்கார்ந்துவிட்டாள். இருபத்தாறு வருஷமாக ஒரு நாளைக்கு நாற்பது பேர் காலடியில் முட்டி போட்டு ஓரம் மடித்தவள். பேண்ட் நீளத்தை நின்றுகொண்டு பார்க்க முடியுமா? கைப்பையின் உள்மடிப்பில் எப்போதும் ஒரு வரிசை ஊக்கு இருக்கும். இரண்டை எடுத்து உதட்டில் கவ்விக்கொண்டாள். முடிச்சை நகத்தால் நெகிழ்த்தி அவிழ்த்தாள்.

"நீங்க இங்கே நர்ஸா?"

"தையல்காரி" என்றாள் ஊக்குக்கு நடுவே. "எங்க வீட்டுக்காரருக்கு நான்தான் பேண்ட் தைக்கிறேன். அவருக்கு இடது கால் மட்டும் ரெண்டு அங்குலம் அகலமா வைக்கணும். அதனால இதெல்லாம் அத்துப்படி."

அந்தப் பெண்ணின் உடம்பு விறைத்ததைத் துணியைப் பிடித்திருந்த கை உணர்ந்தது.

"உங்க வீட்டுக்காரர்... கால்மேஸ்திரியா?"

தையலம்மா நிமிர்ந்து பார்த்தாள். புகார் கொடுத்தவர் பெயரை யாருக்கும் சொல்ல மாட்டார்கள், கையேட்டில் அப்படி. ஆனால் வலது கால் போன சின்னப் பெண் என்று அவர் சொல்லியிருக்கிறார்; இவள் உடம்பு விறைத்ததும் அதோடு சேர்ந்தது. கூரியர் பெண் இவள்தான்.

எழுந்து போயிருக்க வேண்டும். பின்னால் எல்லோரும் அதைத்தான் சொன்னார்கள். ஆனால் பாதி மடித்த துணி கையில் இருக்கும்போது விட்டுவிட்டுப் போகிற பழக்கம் அவளுக்கு இல்லை. ஒரு ஊக்கைக் குத்தி மாட்டினாள்.

"நான் அவரை வேலையை விட்டு எடுக்கச் சொல்லலைம்மா" என்றாள் அந்தப் பெண். "வெளியே போறப்போ கீழே ஒரு திரை வச்சிருக்காங்கல்ல, சேவை எப்படின்னு மூஞ்சி படமா போட்டு? சிரிச்ச மூஞ்சியைத்தான் அழுத்தினேன். கீழே ஏதாவது சொல்லணுமான்னு கேட்டுச்சு. அந்த வார்த்தை மட்டும் வேணாம்னு எழுதினேன். ரெண்டு நாள்ல ஃபோன் வந்துச்சு. புகாரா பதிவாகிடுச்சு, இனி திருப்பி வாங்க முடியாதுன்னாங்க."

"அன்னிக்கு நீ சிரிச்சேன்னு சொன்னாரே."

"சிரிச்சேன். எனக்கு அது பெருசா ஒண்ணும் தோணலை. அவர் மாதிரி யாரும் எனக்குச் சொல்லித் தரலைம்மா, கம்பியைப் பிடிச்சுக்கிட்டு எப்படி நிக்கறதுன்னு." அவள் மூக்கை உறிஞ்சினாள். "எங்கம்மா கூட வந்திருந்தாங்க. ஆறு மாசமா அவங்க இந்தக் காலைப் பார்க்கவே இல்லை. துணி மாத்தி விடறப்பகூட முகத்தைத் திருப்பிப்பாங்க. அன்னிக்குத்தான் முதல் தடவையா தைரியமா உள்ளே வந்தாங்க. அப்போ அவர் சத்தமா அதைச் சொல்லிக் கூப்பிட்டார். எல்லாரும் சிரிச்சாங்க. அம்மா அப்படியே திரும்பி வெளியே போயிட்டாங்க. அதுக்கப்புறம் என்னோட வர்றதே இல்லை."

தையலம்மாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. முகம் தெரியாத அந்த அம்மாவுக்கு எப்படி இருந்திருக்கும் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. காலையில்தான் தன் மகளின் பள்ளிக்கூடப் பெயரைக் கேட்டிருக்கிறாள். ஒரு வாரமாக வீட்டில் அவர் சரியா, பாப்பா சரியா என்றே பேசிக்கொண்டிருந்தோமே, இவளுக்கு என்ன ஆயிற்று என்று ஒருவருக்கும் தோன்றவில்லையே என்று நினைத்தபோது வெட்கமாக இருந்தது.

"தப்புதாம்மா" என்றாள். இரண்டு கையாலும் அந்தப் பெண்ணின் முழங்காலைப் பிடித்துக்கொண்டாள். "அவர் பண்ணினது தப்புதான். அவருக்குத் தெரியலை. எங்களை மன்னிச்சுடு."

அந்த நேரம் பார்த்துத்தான் கண்ணாடிக் கதவு திறந்தது.

முன்னால் கண்ணாடி மேடம். பின்னால் மேஸ்திரி. அவர் முகம் வியர்த்து, ஏதோ விழுங்கக் கூடாததை விழுங்கிவிட்டவர் போல இருந்தது. ஆனால் மனைவியைப் பார்த்ததும் லேசாகத் தலையை ஆட்டினார். சொல்லிவிட்டார். அவளுக்காகச் சொல்லிவிட்டார்.

கண்ணாடி மேடம் அவரைப் பார்க்கவில்லை. தரையில் முட்டி போட்டு, கண்ணில் தண்ணீர் வழிய, ஒரு பெண்ணின் காலைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்கிற தையலம்மாவைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அம்மா, எழுந்திருங்க."

"ஒரு நிமிஷம் மேடம். இன்னொரு ஊக்கு பாக்கி இருக்கு."

"நீங்க ஐயாவோட மனைவிதானே?"

"ஆமாம்."

மேடம் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணை மூடிக்கொண்டார். திறந்தபோது அவர் முகத்தில் கோபம் இல்லை. பரிதாபம்தான் இருந்தது. "எல்லாரும் உள்ளே வாங்க" என்றார்.

பாப்பா பழுப்பேறிய அட்டையுடன் மூச்சிரைக்க வந்து சேர்ந்தபோது கையேட்டின் இருபத்தாறாம் பக்கம் மேஜையில் திறந்திருந்தது. "கிடைச்சுடுச்சு. தேதி, நம்பர், எல்லாம் இருக்கு" என்று ஆரம்பித்தவள் முகங்களைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

"விதி பதினாலு" என்றார் மேடம்.

பாப்பாவுக்குப் புத்தகத்தைப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. மனப்பாடம். புகாருக்கு உள்ளானவரோ அவர் குடும்பத்தாரோ புகார் தந்தவரைச் சந்திக்கவோ, பேசவோ, கெஞ்சவோ கூடாது. மீறினால் வழக்கு மேல்குழுவுக்குப் போகும். அவள் அம்மாவைப் பார்த்தாள். "என்னம்மா பண்ணினே?"

"ஊக்கு குத்தினேன்."

"பேண்ட்டைத்தான் மடிச்சு விட்டாங்க" என்றாள் கூரியர் பெண், ஊன்றுகோலை அக்குளில் இடுக்கியபடி. "என்னை யாரும் மிரட்டலை, கெஞ்சலை. நான்தான் பேசினேன்."

"நீங்க இப்படித்தான் சொல்வீங்க" என்றார் மேடம் கனிவாக. "இப்படிச் சொல்ல வேண்டிய நிலைமையில உங்களை யாரும் நிறுத்தக் கூடாதுன்னுதான் இந்த விதியே இருக்கு."

"அப்போ நான் சொல்றதுக்கு மதிப்பே இல்லையா?"

"இருக்கே. எழுதிக்கறேன்." மேடம் எழுதினார். எழுதியதைத் திருப்பிக் காட்டினார். 'சந்திப்புக்குப் பின் பயனாளி அழுத்தம் ஏதும் இல்லை என்று கூறினார்.' படித்துப் பார்த்தால் அழுத்தம் இருந்தது என்றுதான் அர்த்தமாகிறது. யார் படித்தாலும் அப்படித்தான் ஆகும்.

பாப்பா நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். "வேற ஒரு ஆபீஸ்ல... புகார் கொடுத்த பொண்ணு வீட்டுக்கே போய், அந்த ஆளோட மனைவியும் மாமியாரும் காலில் விழுந்து விழுந்து, கடைசியில அவ வேலையையே விட்டுட்டுப் போயிட்டா. அதைப் பார்த்துட்டுத்தான் மேடம் இதை எழுதினேன். இது அது இல்லை."

"சரியாத்தான் எழுதியிருக்கீங்க" என்றார் மேடம். குத்திக்காட்டவில்லை, மனதாரச் சொன்னார். "அது எது, இது எதுன்னு பிரிக்கிற அதிகாரத்தை எனக்கு நீங்க கொடுக்கலை. நான் பாரபட்சம் பார்க்கக் கூடாதுங்கறதுக்காக. அதுவும் சரிதான்."

பாப்பா தான் கட்டிய வீட்டுக்குள்ளேயே கதவு எங்கே என்று தெரியாமல் நின்றாள்.

மேல்குழு கூடுகிற வரைக்கும் மேஸ்திரி பட்டறைக்குள் போகக் கூடாது. சாவியைக் கொடுத்துவிட வேண்டும். அவரும் சரி, வீட்டில் யாரும் சரி, இந்தப் பெண்ணிடம் ஒரு வார்த்தை பேசக் கூடாது. இன்னொரு தடவை பேசினால் வேலை அன்றைக்கே போகும், பெண்ணின் சிகிச்சையையும் வேறு நிலையத்துக்கு மாற்ற வேண்டி வரும். ஒவ்வொன்றாகச் சொல்லும்போது மேடத்தின் குரல் தணிந்துகொண்டே வந்தது.

"அப்போ நான் உள்ளே சொன்னேனே, அந்த வார்த்தை?" என்றார் மேஸ்திரி.

"அது பதிவாகிடுச்சுங்க. உங்க கோப்புல நிரந்தரமா இருக்கும்."

அவர் சாவியை எடுத்து மேஜையில் வைத்தார். "அந்தப் பொண்ணோட மிச்சக் கால் உக்கார்ற சாக்கெட் பாதியில நிக்குது மேடம். முட்டிக்குக் கீழ ஒரு இடத்துல எலும்பு துருத்திக்கிட்டிருக்கு. அங்க சாக்கெட் உள்பக்கத்துல அரை நூல் குழியா இறக்கணும். இறக்காம மாட்டினா தோல் கிழிஞ்சுடும். இது அளவுல தெரியாது, கை வச்சுப் பார்த்தாத்தான் தெரியும். ஒரு தடவை உள்ளே போய் பென்சில்ல குறி போட்டுட்டு வந்துடறேனே."

"மேல்குழுகிட்ட கேக்கறேன்."

"எப்போ கூடுவாங்க?"

"மூணு மாசத்துக்கு ஒரு தடவை. போன கூட்டம் போன வாரம்தான் முடிஞ்சுது."

தையலம்மா ஒரு வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட்டாள். என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கக் கண் தெரியவில்லை. எல்லாம் கலங்கித் தெரிந்தது. ஒரு ஊக்கு இன்னும் அவள் உள்ளங்கையில் இருந்தது. முனை குத்தியது.

வெளியே தாழ்வாரத்தில் கூரியர் பெண் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள். அவளை முன்னாலேயே அனுப்பியிருந்தார்கள். ஒரு ஊக்கோடு நின்ற மடிப்பு ஒரு பக்கம் சரிந்து தொங்கிக்கொண்டிருந்தது. மேஸ்திரியைப் பார்த்ததும் நிமிர்ந்தாள்.

"ஐயா, என் கால் எப்ப வரும்?"

மேஸ்திரி நின்றார். திரும்பிக் கண்ணாடிக் கதவைப் பார்த்தார். உள்ளிருந்து மேடம் இவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார். வேண்டாம் என்று தலையை மெல்ல அசைத்தார். கெஞ்சுவது போலத்தான் இருந்தது.

மேஸ்திரியின் உதடு பிரிந்தது. முப்பத்தெட்டு வருஷத்தில் இந்தக் கேள்விக்கு அவர் பதில் சொல்லாமல் போனதே இல்லை. அடுத்த வாரம், அடுத்த மாதம், இன்னும் பத்து நாள் பொறு என்று ஏதாவது சொல்வார். தையலம்மா அவர் கையைப் பிடித்தாள்.

"வாங்கப்பா" என்றாள் பாப்பா. விதி அவளுக்குத்தான் எல்லோரையும் விட நன்றாகத் தெரியும்.

மூன்று பேரும் அந்தப் பெண்ணைக் கடந்து போனார்கள். தையலம்மா தரையைப் பார்த்துக்கொண்டே நடந்தாள். தொங்குகிற அந்த மடிப்பு கண்ணில் பட்டது. குனிந்தால் எட்டிவிடும்.

"கோவமா ஐயா?" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. "நான் எழுதியிருக்கக் கூடாதா?"

படிக்கட்டின் முதல் படியில் மேஸ்திரி காலை வைக்காமல் நின்றார். "இல்லைன்னு ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டு வரேன் பாப்பா. அதுகூடக் குத்தமா?"

பாப்பா அழுதுகொண்டிருந்தாள். "அவளுக்குத்தான்பா கெடுதல். ஊரை விட்டு வேற எங்கேயாவது மாத்திடுவாங்க. முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும்."

அவர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினார். தையலம்மா பின்னாலேயே இறங்கினாள். ஒரு மாடி இறங்கிய பிறகும் கேட்டது. அந்தப் பெண் மறுபடியும் கூப்பிட்டாள்.